ஒரு கலயம் எண்ணெய்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். வாசகம்: 2 அரசர்கள் 4:1-7)



மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால் நம் வீடுகளில் சில அடையாளங்கள் தெரியும். பாலில் ஒரு பாக்கெட் குறையும். குழம்பில் பருப்பு குறைந்து புளி கூடும். சிலிண்டர் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அசைத்துப் பார்ப்போம். "அம்மா ஒண்ணாம் தேதி தர்றேன்னு சொன்னாங்க" என்று சொல்லச் சொல்லி, மளிகைக் கடைக்குப் பிள்ளையை அனுப்புவோம். பெரியவர்கள் போனால் கடைக்காரர் முகம் சுளிப்பார். பிள்ளை போனால் சுளிக்க மாட்டார் என்று நமக்குத் தெரியும்.

அந்தக் கடைசி வாரத்தைப் பற்றித்தான் இன்று சிந்திக்கிறோம். சிக்கனமாக இருங்கள் என்று சொல்வது எளிது. ஆனால் சிக்கனத்தைத் தவிர வேறு வழியே இல்லாத தாய்மாரிடம் போய்ச் சிக்கனத்தைப் போதிப்பதில் பொருளில்லை. அவர்களிடம்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே இன்று நாம் அறிவுரையோடு தொடங்காமல், கடனில் மூழ்கிய ஒரு வீட்டுக்குள் போவோம். அந்த வீடு திருவிவிலியத்தில் இருக்கிறது.

இறைவாக்கினர் எலிசாவிடம் ஒரு கைம்பெண் வந்து கதறுகிறார். இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்த அவருடைய கணவர் இறந்துவிட்டார். ஆண்டவருக்கு அஞ்சி வாழ்ந்த நல்ல மனிதர். ஆனாலும் கடன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடன் கொடுத்தவன் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக் கொண்டுபோக வந்து நிற்கிறான். எலிசா அவரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு கலயம் எண்ணெயைத் தவிர வேறு ஒன்றுமில்லை என்கிறார் அந்தத் தாய். அண்டை வீடுகளுக்கெல்லாம் போய் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொல்கிறார் எலிசா. பிறகு பிள்ளைகளோடு உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டு, எண்ணெயை ஊற்றச் சொல்கிறார். பிள்ளைகள் பாத்திரங்களைக் கொண்டு வர வர, தாய் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெயும் நின்றுவிடுகிறது. எண்ணெயை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மீதியைக் கொண்டு பிழைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடிக்கிறார் எலிசா.

ஏழே வசனங்கள்தான். ஆனால் ஒரு குடும்பக் கணக்குப் புத்தகமே அதற்குள் இருக்கிறது. அந்தக் குடும்பத் தலைவர் கடன்பட்டதற்காகத் திருநூல் அவரைப் பழிக்கவில்லை என்பதை முதலில் கவனிப்போம். அவர் குடித்தழித்தார் என்றோ, சோம்பேறி என்றோ அங்கே ஒரு சொல் இல்லை. நல்லவர்களுக்கும் கடன் வரும். ஒரு மருத்துவமனைச் செலவு போதும். வேலைபோன மூன்று மாதம் போதும். ஆகவே கடன்பட்ட வீட்டைப் பார்த்து விரல் நீட்டும் பழக்கத்தை விட்டுவிட்டு, எலிசா சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, எலிசா கேட்ட கேள்வி. வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். என்ன இல்லை என்று கேட்கவில்லை. கணக்குப் பார்ப்பதன் தொடக்கம் இதுதான்.

முன்பெல்லாம் சம்பளம் ரொக்கமாகக் கைக்கு வந்தது. ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த நம் தாத்தாக்கள் அதை அப்படியே மனைவியிடமோ தாயிடமோ கொடுப்பார்கள். வாடகைக்கு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு என்று பணம் கண்ணெதிரே பிரியும். கடுகு டப்பாவுக்குள் கொஞ்சம் சிறுவாட்டுக் காசும் ஒளிந்துகொள்ளும். இன்று சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. தவணையாகவும் ரீசார்ஜாகவும் தானாக இறங்குகிறது. டீக்கடையில்கூட செல்போனைக் காட்டிவிட்டு நடக்கிறோம். பணம் போவது கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அதனால் கணக்கை எழுதினால்தான் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒப்பந்தத் தொழிலாளியான கணவர், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். மாத வருமானம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 5,000. மளிகையும் காய்கறியும் 5,500. பால் 1,500. சிலிண்டரும் மின்சாரமும் 1,400. பள்ளி, பேருந்து 1,800. மருந்து மாத்திரை 800. கூட்டினால் 16,000. கையில் 2,000 மிஞ்ச வேண்டும். ஆனால் அந்த வீட்டில் ஒரு தண்டல் கடன் இருக்கிறது. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் மாதம் 3,000. ஆக, மாதந்தோறும் 1,000 ரூபாய் பள்ளம். 2023 செப்டம்பரிலிருந்து அரசு தரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அந்த வீட்டுக்கு வருமானால், அது அப்படியே இந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும். அது கிடைக்காத வீட்டில் அந்த ஆயிரம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் அது தாயின் தட்டிலிருந்து வருகிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதை ரசத்தோடு பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "எனக்குப் பசியே இல்ல" என்று சொல்லும் தாயை நமக்கெல்லாம் தெரியும். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் கடைசியாக உண்பவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதும் அவற்றில் ஒன்று. இதை நாம் தியாகம் என்று புகழ்ந்து பேசியே பழகிவிட்டோம். ஒருவர் மட்டும் பட்டினி கிடந்து மற்றவர்கள் அதை அறியாமல் இருப்பது சிக்கனமும் ஆகாது, தியாகமும் ஆகாது. அது அந்த வீட்டில் ஒருவருக்கு இழைக்கப்படும் அநீதி.

ஆகவே செலவைக் குறைக்க உட்காரும்போது ஒரு விதி வைத்துக்கொள்வோம். யாருடைய தட்டிலும் கை வைக்கக் கூடாது. வேறெங்கே குறைக்கலாம் என்று தேட வேண்டும். ரேஷன் புழுங்கலரிசியில் இட்லியும் தோசையும் அருமையாக வரும் என்பது நம் தாய்மாருக்குத் தெரியும். காந்தி மார்க்கெட்டிலும் நம் பொன்மலைச் சந்தையிலும் கூறு கட்டி விற்பதை வாங்கத் தெரியும். முருங்கைக்கீரையும் நிலக்கடலையும் முட்டையும் மலிவான விலையில் உடம்புக்கு உரம் தருபவை. பழைய சோறு வெட்கப்படும் உணவல்ல. பருப்பை முன்னதாக ஊறவைத்தால் அடுப்பு எரியும் நேரம் குறையும்.

மின்சாரக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. ஆனால் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் என்று நினைக்க வேண்டாம். அதற்குக் கீழே உள்ள படியிலும் கட்டணம் கூடிவிடும். கணக்கெடுக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்து வைப்பவர் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

இங்கே குடும்பத் தலைவர்களிடமும் ஒரு சொல். மனைவி பருப்பில் மிச்சம் பிடிக்கிறார். நாம் எதில் மிச்சம் பிடிக்கிறோம்? மாலையில் டாஸ்மாக் கடை வாசலில் கொடுப்பது நாளொன்றுக்கு 150 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும், மாதம் 4,500 ரூபாய். நாம் பார்த்த வீட்டின் வாடகைக்கு 500 ரூபாய்தான் குறைவு. கணக்கு நோட்டில் அந்த வரியும் வர வேண்டும். அது வராத நோட்டு பொய்க் கணக்கு. குடியை விட முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு வசையைவிட மருத்துவம்தான் தேவை. ஆனால் மறைப்பது யாருக்கும் உதவாது.

இரண்டாவது, பாத்திரங்கள். அந்தத் தாயின் வீட்டில் எண்ணெய் இருந்தது, பாத்திரம் இல்லை. அண்டை வீடுகளில் பாத்திரங்கள் வெறுமையாகக் கிடந்தன. எலிசா பணம் கடன் வாங்கச் சொல்லவில்லை. வெறும் பாத்திரங்களை, அதுவும் நிறைய வாங்கி வரச் சொன்னார். தன் கஷ்டத்தை யாருக்கும் தெரியாமல் மூடி வைத்திருந்தால், அவரால் அக்கம்பக்கத்தில் கேட்டிருக்க முடியாது. கேட்டபோது அண்டை வீட்டார் கொடுத்தார்கள். எத்தனை பாத்திரம் வந்ததோ அத்தனைக்குத்தான் எண்ணெய் பெருகியது. கடவுளின் கொடைக்கு அண்டை வீட்டாரின் பாத்திரங்களே அளவாக அமைந்தன.

நம் பொன்மலை இதை அறியாத ஊர் அல்ல. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை இங்கே வந்தது. அந்த ஆண்டே ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 செப்டம்பர் 5 அன்று இதே பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஐந்து வீடுகளில் அடுப்பெரிய வைத்த கைகள் போயின. 1974 மே 8 முதல் 27 வரை நாடெங்கும் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. சம்பளம் போனது, ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள், பல ஊர்களில் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்த நாட்களை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்கள் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள். சம்பளமில்லாத அந்த வாரங்களில் வீட்டில் என்ன சமைத்தீர்கள், யார் கடன் கொடுத்தார்கள், யார் வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். எந்த வீடும் தனியாக நின்று அப்படிப்பட்ட நாட்களைக் கடக்க முடியாது.

இன்று நம் அன்பியங்கள்தான் அந்த அண்டை வீடுகள். இருபது, முப்பது வீடுகள் ஒன்றுகூடிச் செபிக்கும் இடம் அது. செபம் முடிந்ததும் பாத்திரமும் கைமாறலாமே. ஐந்து வீடுகள் சேர்ந்து காந்தி மார்க்கெட்டில் மொத்தமாக வெங்காயமும் தக்காளியும் வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் ஐந்து வீட்டுக்கும் லாபம். போன ஆண்டுப் பாடநூலும் சீருடையும் அடுத்த பிள்ளைக்குப் போகலாம். புதுநன்மை உடை ஒரு நாளுக்கு மட்டும் உடுத்திவிட்டு அலமாரியில் தூங்குகிறது. அது எத்தனை பிள்ளைகளுக்கு உதவும்! புதுநன்மைக்காகவும் மஞ்சள் நீராட்டுக்காகவும் கடன் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆண்டவரை முதன்முதலாக உட்கொள்ளும் நாள், ஒரு வீட்டைக் கடனாளியாக்கும் நாளாக இருக்கலாமா? எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே எளிய உடை, ஆலய வளாகத்தில் எல்லாருக்கும் ஒரே காலை உணவு என்று பங்கு முடிவெடுத்தால், ஏழை வீட்டின் தலை நிமிரும். வசதியான வீட்டுக்கும் எதுவும் குறைந்துவிடாது.

1833இல் பாரிஸ் நகரில் ஃபிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் இன்று பங்குகள்தோறும் பணிசெய்யும் வின்சென்ட் தே பவுல் சபை. ஏழைகளை அலுவலகத்துக்கு வரவழைக்காமல், அவர்களுடைய வீட்டுக்கே போய்ச் சந்திப்பது அதன் வழி. வீட்டுக்குள் போனால்தான் கலயத்தில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று தெரியும்.

கொடுப்பது வசதியானவர்களின் வேலை என்றும் நினைத்துவிட வேண்டாம். சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கும் பிடி அரிசிப் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. வடகிழக்கே மிசோரத்தில் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் இதையே ஒரு காணிக்கையாகச் செய்து வருகிறார்கள். ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் முன் ஒரு பிடி அரிசி. வாரந்தோறும் அதைச் சேகரித்துத் திருச்சபைப் பணிக்குக் கொடுக்கிறார்கள். ஏழை மலைநாடு அது. ஆனாலும் ஒரு பிடி எடுத்ததால் பானை வற்றிப்போகவில்லை. கையில் கொஞ்சமே இருப்பவரும் கொடுக்க முடியும் என்ற மதிப்பை அந்தப் பிடி அவர்களுக்குத் தந்தது.

மூன்றாவது, அடைத்த கதவு. அக்கம்பக்கத்தில் பாத்திரம் கேட்கச் சொன்ன எலிசா, பிறகு கதவை அடைக்கவும் சொல்கிறார். உதவி கேட்கத் திறந்த கதவு, வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் திறந்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் கணக்கைக் கெடுப்பதில் பெரும் பங்கு அடுத்த வீட்டுக் கண்களுக்கு உண்டு. அவர்கள் வீட்டில் பெரிய டிவி வந்துவிட்டது, இவர்கள் திருமணத்தில் இத்தனை பவுன் போட்டார்கள் என்று கேட்டுக் கேட்டு, நம் தேவை எது, அடுத்தவர் கண்ணுக்காக வாங்குவது எது என்ற வேறுபாடே மங்கிவிடுகிறது. இப்போது அந்தக் கண்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வழியே படுக்கையறை வரை வந்துவிட்டன. கொஞ்ச நேரம் அந்தக் கதவை அடைப்போம்.

கதவை அடைத்தபோது உள்ளே யார் இருந்தார்கள்? தாயும் பிள்ளைகளும். கடன்காரன் கொண்டுபோக வந்தது அந்தப் பிள்ளைகளைத்தான். அவர்களை அறியாமல் அந்தத் தாய் எதையும் செய்யவில்லை. பாத்திரங்களை எடுத்துக் கொடுத்ததே அவர்கள்தான். கடைசியில், இன்னொரு பாத்திரம் கொண்டு வா என்று தாய் சொன்னபோது, இனி இல்லை என்று சொன்னது மகன். இதை நாம் எளிதில் கடந்துபோகிறோம். இல்லை என்று வெட்கமில்லாமல், அழாமல் சொல்லத் தெரிந்த பிள்ளை அது.

நாம் பிள்ளைகளிடம் கஷ்டத்தை மறைக்கிறோம், பாசத்தால்தான் மறைக்கிறோம். ஆனால் அவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடுகிறது. கடைக்கு அனுப்பும்போதும், நள்ளிரவில் நாம் மெல்லிய குரலில் சண்டையிடும்போதும் தெரிகிறது. அரைகுறையாகத் தெரிவதால் அச்சம் கூடுகிறது. அதைவிட, மாதத்தின் முதல் ஞாயிறு இரவு உணவுக்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்து, பிள்ளைகளின் வயதுக்கு ஏற்ற அளவில், வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கடன் இவ்வளவு என்று சொல்லிப் பாருங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எழுதும் வேலையைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளிடமோ மகனிடமோ கொடுங்கள். வீட்டின் கணக்கு தெரிந்த பிள்ளை, சுற்றுலாவுக்கு வரவில்லை என்று பள்ளியில் நிமிர்ந்து சொல்லும். தாயின் தட்டில் என்ன இருக்கிறது என்றும் பார்க்கத் தொடங்கும்.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்வோம். கணக்கைச் சொல்வது பிள்ளையின் தலையில் சுமையை ஏற்றுவதற்கு அல்ல. "உன்னாலதான் இவ்வளவு செலவு" என்ற சொல் அந்த நேரத்தில் எந்த வாயிலிருந்தும் வரக் கூடாது. அப்படியே, வீட்டிலிருக்கும் முதியவர்களின் மருந்துச் செலவைச் சத்தமாகக் கூட்டிக் காட்டுவதும் கூடாது. அவர்கள் மருந்தைப் பாதியாக்கி விழுங்கத் தொடங்குவார்கள்.

நான்காவது, எலிசா சொன்ன கடைசிச் சொல். எண்ணெய் நிறைந்துவிட்டது. இனி என்ன செய்வது? முதலில் விற்க வேண்டும், பிறகு கடனை அடைக்க வேண்டும், அதன் பிறகு மீதியில் வாழ வேண்டும். இந்த வரிசை முக்கியம். நம் வீட்டுக்குப் போனஸோ, நிலுவைத் தொகையோ, வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணமோ வந்தால், நாம் பெரும்பாலும் வரிசையை மாற்றிவிடுகிறோம். முதலில் விழா, பிறகு புதுப் பொருள். கடனுக்கு வட்டி மட்டும்.

தண்டல் கடனைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறோமா? பத்தாயிரம் என்று பேசி, பிடித்தம் போக 8,500 ரூபாய் கையில் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 1,500தானே என்று தோன்றும். ஆனால் வாங்கிய மறுநாளே முதல் குறையத் தொடங்கிவிடுகிறது; 8,500 ரூபாயும் நம் கையில் 100 நாளும் இருப்பதில்லை. இதை ஆண்டு வட்டியாக மாற்றினால் நூற்றுக்கு நூறையும் தாண்டும். வாயால் சொன்னால் நூறு ரூபாய். கணக்கில் அது கழுத்துக் கயிறு. மகளிர் சுயஉதவிக் குழுவிலோ கூட்டுறவு வங்கியிலோ கடன் வாங்கி இதை முதலில் மூடுவது, பிடிக்கக்கூடிய எல்லாச் சிக்கனத்திலும் பெரிய சிக்கனம். தருமபுரி மாவட்டத்தில் 1989இல் சுயஉதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கப்பட்டபோது, ஏழைப் பெண்களை வட்டிக்கடையிலிருந்து மீட்பதும் அதன் நோக்கமாக இருந்தது. ஆனால் இன்று ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் வாங்கி, அதை அடைக்க மூன்றாவதில் வாங்குவோரும் உண்டு. கடன் கைமாறினால் மட்டும் போதாது, குறையவும் வேண்டும். சீட்டுப் போடுவதானாலும் பதிவு பெற்ற சீட்டா என்று கேட்டுவிட்டுப் போடுவோம். ஆண்டு முழுவதும் கட்டிய பணத்தோடு ஒருவர் ஓடிவிட்டால், அந்த வீட்டுக் கிறிஸ்துமஸும் அதோடு போய்விடும்.

அன்பார்ந்தவர்களே, பிள்ளைகளைக் கடனுக்காகக் கொண்டுபோவது பழைய ஏற்பாட்டுக் காலத்தோடு முடிந்துவிட்ட கதை அல்ல. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நம் நாட்டில் 1976இல்தான் வந்தது. கந்துவட்டியைத் தடுக்கும் தனிச் சட்டம் தமிழ்நாட்டில் 2003இல் வந்தது. அதன் பிறகும், 2017 அக்டோபரில், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீயில் வெந்தது. தகப்பன், தாய், இரண்டு பச்சிளம் பெண் குழந்தைகள், நால்வரும் இறந்துபோனார்கள். எலிசாவிடம் வந்த தாய்க்கும் இரண்டு பிள்ளைகள்தான். அந்தத் தாய் போய்க் கதற ஓர் எலிசா இருந்தார். இந்தக் குடும்பத்துக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லையே என்பதுதான் நம் நெஞ்சைச் சுட வேண்டும்.

இந்த நேரத்தில் வானொலிக்கு முன் அமர்ந்திருக்கும் யாருக்காவது கடன் கழுத்தை நெரிக்குமானால், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுமானால், தயவுசெய்து ஒரு மனிதரிடம் அதைச் சொல்லுங்கள். உங்கள் அன்பியப் பொறுப்பாளரிடம், பங்குத்தந்தையிடம், அக்கா தம்பியிடம் சொல்லுங்கள். 104 என்ற எண்ணை அழைத்தால் எந்நேரமும் பேச ஆள் இருக்கிறது. மிரட்டும் கடன்காரர் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கடன் ஒரு தொகைதான். அதை எண்ணி முடிக்கலாம், பேசித் தீர்க்கலாம், காலம் எடுத்துக் கட்டலாம். உங்கள் உயிரும் உங்கள் பிள்ளைகளின் உயிரும் அந்தத் தொகைக்கு ஈடாகாது.

இந்த வாரம் நாம் மூன்று செயல்களைச் செய்வோம். ஒரு நோட்டு வாங்கி, வீட்டிலுள்ள எல்லாரும் சேர்ந்து வரவையும் செலவையும் கடனையும் ஒளிக்காமல் எழுதுவோம். இரவு உணவுக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, தாய்க்கு முதலில் பரிமாறுவோம். அடுத்த அன்பியக் கூட்டத்துக்குப் போகும்போது, நம் வீட்டில் வெறுமையாகக் கிடக்கும் பாத்திரம் எது என்று யோசித்துவிட்டுப் போவோம். அது உடையாகவோ, புத்தகமாகவோ, இரண்டு மணி நேரமாகவோ இருக்கலாம்.

செபிப்போமாக. அன்புத் தந்தையே, நாசரேத்தில் தச்சரான சூசையப்பரின் உழைப்பில் உம் திருமகன் வளர்ந்தார். அந்த வீட்டில் எதுவும் வீணாகவில்லை. அங்கே யாரும் தனித்துப் பசித்திருக்கவுமில்லை. குறைந்த வருவாயில் வாழும் எங்கள் இல்லங்களை ஆசீர்வதியும். கணக்கைப் பார்க்கத் துணிவைத் தாரும். கேட்கக் கூசாத வாயையும், கொடுக்கக் கூசாத கையையும் தாரும். கடனில் தவிப்போருக்கு எங்களை நல்ல அண்டை வீட்டாராக்கும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.